பழகிய கையும் புதிய மருந்தும்

சுட்டு முடிந்த தோட்டாவின் வெறுங்கூட்டைக் குப்பையென எறிந்து போவோர் பலர். குனிந்து அதனைப் பொறுக்கித் துடைத்து, மீண்டும் மருந்திட்டு, மீண்டும் சுட்டோர் சிலர். அச்சிலருடைய வரலாற்றையே ஈண்டு நம் வாசகர்க்கு எடுத்துரைக்கப் புகுந்தோம். "வேட்டைக்கும் நமக்கும் என்ன உறவு? பால்மரம் சீவுவோரும் கடைகண்ணிகளில் உழைப்போரும் இதனை அறிந்து ஆவதென்ன?" என்று சிலர் வினவக்கூடும். நியாயமான வினாவே. துப்பாக்கியின் பெருமை பேசுவது நம் நோக்கமன்று. ஒரு சிறு பித்தளைக் கூட்டை நிரப்புகின்ற தொழிலில், ஐம்பது அறுபது ஆண்டுகளுக்குள், பழக்கம் என்பது எவ்வாறு முதலில் காவலாயிருந்து பின்னர்ப் பகையாக மாறிற்று, பழகாதவனுடைய அச்சம் எவ்வாறு அவனைக் காத்தது என்பவற்றைக் காட்டுவதே நம் நோக்கம். இப்பாடம் துப்பாக்கி பிடிப்போர்க்கு மட்டும் உரியதன்று.

முன்னதாக ஒன்று கூறி வைப்போம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உரிமம் இல்லாமல் தோட்டா வைத்திருப்பதும் செய்வதும் கடுந்தண்டனைக்குரிய குற்றங்களாகும். ஆகவே இது செய்முறை கற்பிக்கும் கட்டுரையன்று. நடந்த வரலாற்றைக் கூறும் கட்டுரை.

தோட்டா பிறந்த கதை

தோட்டா என்பது நான்கு பொருள்களின் கூட்டு. முன்னே பாய்ந்து செல்லும் குண்டு ஒன்று. அதனைத் தள்ளும் மருந்து இரண்டு. மருந்தைப் பற்ற வைக்கும் கேப்பு மூன்று. இம்மூன்றையும் தன்னிடத்தே அடக்கி நிற்கும் கூடு நான்கு. சுட்டவுடன் குண்டு போய்விடுகிறது, மருந்து எரிந்துவிடுகிறது, கேப்பு செத்துவிடுகிறது. எஞ்சுவது கூடு ஒன்றே. நான்கனுள்ளும் வேலைப்பாட்டில் மிக்கது அக்கூடே என்பதைக் கருதினால், அதனைப் பொறுக்கியவன் கஞ்சனல்லன், கணக்கறிந்தவன் என்பது விளங்கும்.

ஆதியில் இவை தனித்தனியே இருந்தன. துப்பாக்கி ஏந்தியவன் மருந்தைக் கொம்பிலும் குண்டைப் பையிலும் சுமந்து திரிந்தான். குழலின் வாய்வழியே மருந்தைக் கொட்டி, குண்டை இட்டு, கோலால் இடித்தான். அம்மருந்தாவது வெடியுப்பு 75 பங்கும், கரி 15 பங்கும், கந்தகம் 10 பங்குமாகச் சேர்த்தரைத்த கருமருந்து. 18ஆம் நூற்றாண்டில் பிரிட்டனின் போர்களுக்கு வேண்டியிருந்த வெடியுப்பில் பெரும்பகுதி பீகார் நாட்டு மண்ணிலிருந்து வடிக்கப்பட்டுக் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் கப்பல்களில் ஏறிச் சென்றது. இந்தியாவின் மண்ணே இந்தியாவை வென்ற பீரங்கிகளுக்கு இரையாயிற்று என்றால் அது மிகையாகாது.

பின்னர் ஒரு முறைக்கு வேண்டிய மருந்தையும் குண்டையும் ஒரு காகிதச் சுருளில் பொதிந்து வைக்கும் வழக்கம் வந்தது. வீரன் அதன் நுனியைப் பல்லால் கடித்துக் கிழித்து மருந்தைக் குழலில் கொட்டுவான். 1857ஆம் ஆண்டில் என்பீல்டு ரைபிளுக்கென வந்த இத்தகைய காகிதத் தோட்டாவில் பசுவின் கொழுப்பும் பன்றியின் கொழுப்பும் தடவப்பட்டிருக்கின்றன என்ற செய்தி சிப்பாய்களிடையே தீயெனப் பரவியதையும், அவ்வாண்டு மே மாதம் 10ஆம் நாள் மீரட்டில் கிளர்ச்சி மூண்டதையும் நம் வாசகர் அறிவர். கிளர்ச்சிக்குக் காரணங்கள் பல உண்டு. ஆயினும் ஒரு காகிதச் சுருள் ஒரு பேரரசை உலுக்கும் பொறியாயிற்று என்பது வரலாறு.

கேப்பின் கதை இதனினும் விந்தையானது. ஸ்காட்லாந்தில் பெல்ஹெல்வி என்னும் ஊரில் அலெக்சாண்டர் ஜான் பார்சித் என்ற பாதிரியார் ஒருவர் இருந்தார். அவர் நீர்ப்பறவைகளை வேட்டையாடுவதில் விருப்பமுடையவர். அக்காலத் துப்பாக்கியில் சக்கிமுக்கிக் கல்லின் பொறி முதலில் மின்னும்; குண்டு சற்றே பிந்திப் புறப்படும். மின்னலைக் கண்ட பறவை பறந்துவிடும். இதற்கு மாற்றுத் தேடிய பாதிரியார், அடித்த மாத்திரத்தில் வெடிக்கும் இரசாயன உப்பினால் மருந்தைப் பற்ற வைக்கும் முறையைக் கண்டு, 1807இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். நம் குழந்தைகள் தீபாவளியன்று கல்லால் தட்டி வெடிக்கும் பொட்டு வெடிக்கும் இதற்கும் தத்துவம் ஒன்றே. 1820களில் இவ்வுப்பு சிறு செம்புக் கிண்ணத்தினுள் அடைக்கப்பட்டுக் கேப்பு என்னும் உருவம் பெற்றது.

இந்நான்கும் ஓர் உலோகக் கூட்டினுள் ஒன்றுபட்டதே இன்றைய தோட்டா. நாளடைவில் கூட்டிற்கு ஏற்ற உலோகம் பித்தளையே எனத் தெளிந்தனர். செம்பு 70 பங்கும் துத்தநாகம் 30 பங்கும் கலந்த பித்தளை, வெடிக்கும் கணத்தில் விரிந்து துப்பாக்கியின் அறைச்சுவரோடு ஒட்டி, அனல்காற்று பின்னே கசியாதபடி அடைத்துக்கொள்கிறது. அழுத்தம் தணிந்ததும் சற்றே சுருங்கி எளிதில் வெளிவருகிறது. விரிந்து சுருங்கும் இக்குணமே அக்கூட்டை மறுபடியும் பயன்படுத்த இடந்தந்தது.

1866ஆம் ஆண்டையொட்டி இருவர் இருவகைக் கேப்புகளை வகுத்தனர். ஒருவர் உல்விச் நகரிலிருந்த ஆங்கிலப் படைத்தலைவர் எட்வர்டு பாக்சர். மற்றவர் அமெரிக்க உள்நாட்டுப் போரில் குறிபார்த்துச் சுடும் படைக்குத் தலைமை தாங்கிய ஹைரம் பெர்டன். பாக்சரின் முறையில் கூட்டின் அடியில் நடுவே ஒரே துளை. ஓர் ஊசியை உள்ளே விட்டுத் தட்டினால் செத்த கேப்பு வெளியே விழுந்துவிடும். பெர்டனின் முறையில் நடுவில் கூட்டோடு பிறந்த சிறு பட்டடை, துளைகள் பக்கங்களில். அங்கே ஊசிக்கு வழியில்லை. இதில் வேடிக்கை யாதெனில், ஆங்கிலேயர் கண்ட பாக்சர் கேப்பை அமெரிக்கர் தமதாக்கிக்கொண்டனர். அமெரிக்கர் கண்ட பெர்டன் கேப்பை ஐரோப்பியர் பெரிதும் மேற்கொண்டனர். தோட்டாவை வீட்டிலேயே நிரப்பும் தொழில் அமெரிக்காவில் குடியானவன் வரை பரவியதற்கு அந்த ஒற்றைத் துளையும் ஒரு காரணம்.

சமவெளியின் கூடாரங்கள்

1870களில் அமெரிக்கச் சமவெளியில் காட்டெருமை வேட்டை வெறியோடு நடந்தது. தோலுக்காகவே விலங்குகள் கொல்லப்பட்டன. இறைச்சி மண்ணில் அழுகிற்று. வேட்டைக்காரர் கடைத்தெருவிலிருந்து பல நாள் பயணத்தொலைவில் கூடாரமடித்துத் தங்கியவர்கள். தோட்டா தீர்ந்தால் வேட்டை தீர்ந்தது. ஆகவே பகலில் சுட்ட கூடுகளைப் பொறுக்கிவந்து, இரவில் அடுப்பருகே அமர்ந்து, ஈயத்தை உருக்கி அச்சில் வார்த்துக் குண்டு செய்து, கரண்டியால் மருந்து மொண்டு நிரப்பி, மறுநாளைக்கு ஆயத்தமாயினர். இவ்வாறு இரவெல்லாம் நிரப்பி பகலெல்லாம் சுட்டதன் பயன் என்ன? ஒரு காலத்தில் கோடிக்கணக்கில் திரிந்த காட்டெருமைகளை 1889இல் வில்லியம் ஹார்னடே என்ற விலங்கியலார் கணக்கிட்டபோது, வட அமெரிக்கா முழுவதிலும் எஞ்சியவை ஆயிரத்துச் சொச்சமே. அவ்விலங்கை நம்பி வாழ்ந்த ஆதிக்குடிகளின் வாழ்வும் அதனோடு சரிந்தது. கைத்திறன் எதற்குப் பயன்படுகிறது என்பதைக் கேளாமல் கைத்திறனை மட்டும் புகழ்தல் அறமாகாது என்பதற்காகவே இதனைக் குறித்தோம்.

அவ்வாதிக்குடிகளும் வாளாவிருக்கவில்லை. அவர்கட்குத் துப்பாக்கி கிடைத்தாலும் தோட்டா எளிதில் கிடைப்பதில்லை. எனவே சுட்ட கூட்டின் அடியிலே துளை செய்து, பழைய துப்பாக்கிகளுக்குரிய செம்புக் கேப்பை அதில் அழுத்திப் பொருத்தி, மருந்தும் ஈயமும் இட்டுப் புதுத் தோட்டாவாக்கினர். பள்ளிக்கூடமும் இல்லை, கையேடும் இல்லை, கற்பிப்பாரும் இல்லை. தேவை ஒன்றே ஆசான். கல்வியறிவற்றோர் என்று இகழப்பட்ட மக்கள், தொழிற்சாலைகள் பல நாள் முயன்று செய்த பொருளைக் காட்டிலே அமர்ந்து பழுதுபார்த்தனர் என்பதை நாம் மறத்தலாகாது.

அமெரிக்க அரசாங்கமும் தன் படைவீரர் குறி பழகுவதற்காகக் கூடு நிரப்பும் கருவிகளைப் படைப்பிரிவுகளுக்கு வழங்கிற்று. 1884இல் நியூ ஹேவன் நகரில் ஜான் பார்லோ என்பவர் 'ஐடியல்' என்ற பெயரில் தொழிலகம் ஒன்று தொடங்கினார். அவர் விற்றது பாக்குவெட்டியைப் போலக் கைக்குள் அடங்கும் ஓர் இடுக்கி. செத்த கேப்பைத் தள்ளவும், புதிய கேப்பைப் பதிக்கவும், குண்டைக் கூட்டின் வாயில் அமர்த்தவும் அந்த ஒரே இடுக்கி போதும். அதனோடு அவர் கையேடுகளையும் அச்சிட்டு வெளியிட்டார். இந்த அச்சுப் புத்தகத்தின் அருமையை மேலே காண்போம்.

கருமருந்தின் நீதி

கருமருந்துக் காலத்தில் இத்தொழிலின் சட்டம் மிக எளிது: கூட்டை நிறைய நிரப்பு, குண்டுக்கும் மருந்துக்கும் இடையே வெற்றிடம் விடாதே. இவ்வளவே. அந்நாளைய கூடுகள் கருமருந்துக்கென்றே அளந்து செய்யப்பட்டவை. தோட்டாவின் பெயரிலேயே மருந்தின் அளவும் சேர்ந்திருந்தது. 1873இல் அமெரிக்கப் படை மேற்கொண்ட தோட்டாவிற்கு '45-70' என்று பெயர். முதல் எண் குண்டின் பருமன், அங்குலத்தில் நூற்றுக்கு நாற்பத்தைந்து பங்கு. இரண்டாம் எண் மருந்தின் எடை, எழுபது கிரெயின். ஒரு கிரெயின் என்பது இறாத்தலில் 7,000இல் ஒரு பங்கு. நம் தட்டான் நிறுக்கும் குன்றிமணியில் ஏறக்குறையப் பாதி.

கூட்டில் கொண்ட அளவே மருந்தின் அளவானதால், வேட்டைக்காரன் தராசைத் தேடவில்லை. கண்ணும் கரண்டியும் அவனுக்குப் போதுமாயிருந்தன. சிறிது கூடினாலும் குறைந்தாலும் தோள் சற்று அதிகம் அதிரும், அல்லது குண்டு சற்றுத் தாழ்ந்து விழும், அவ்வளவே. இவ்வாறு இருபது முப்பது ஆண்டுகள் பழகியவனுடைய கை, பார்க்காமலே அளக்கும் கையாயிற்று. ஊரார் அவனைத் தேர்ந்தவன் என்றனர். அவனும் அவ்வாறே நம்பினான். அந்நாளில் அந்நம்பிக்கை தவறன்று.

புகையில்லா மருந்து

1884ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டு இரசாயனர் பால் வியேல் என்பவர் புதுமருந்து ஒன்றைக் கண்டார். பஞ்சை அமிலங்களில் தோய்த்து வெடிபஞ்சாக்கி, அதனை ஈதரிலும் சாராயத்திலும் இளக்கிக் கூழாக்கி, தகடாக உருட்டி, சிறு துண்டுகளாக நறுக்கி உலர்த்தினார். எடைக்கு எடை பார்த்தால் அது கருமருந்தைப் போல ஏறக்குறைய மும்மடங்கு ஆற்றலுடையது. கருமருந்து எரிந்தால் அதன் எடையில் பாதிக்கு மேற்பட்ட பங்கு புகையாகவும் கரிக்கசடாகவும் நிற்கும். புதிய மருந்தோ புகையின்றி முழுவதும் காற்றாக மாறும். 1886இல் பிரெஞ்சுப் படை இம்மருந்தையுடைய லெபல் ரைபிளை மேற்கொண்டது. 1887இல் நோபல் 'பாலிஸ்டைட்' மருந்தையும், 1889இல் ஆங்கிலேயர் 'கார்டைட்' மருந்தையும் வெளியிட்டனர். பத்தாண்டுகளுக்குள் உலகத்துப் படைகள் எல்லாம் மாறின. 1895இல் அமெரிக்காவில் வெளியான '30-30' என்ற வேட்டைத் தோட்டா புகையில்லா மருந்தைக் குடியானவன் கைக்கும் கொண்டுவந்தது.

அழுத்தத்தின் வேறுபாட்டைக் கருதுக. இன்றைய அமெரிக்க விதிப்படி, பழைய 45-70 தோட்டாவிற்கு உச்சவரம்பு சதுர அங்குலத்திற்கு 28,000 இறாத்தல். 30-30 தோட்டாவிற்கு 42,000 இறாத்தல். நீராவிப் புகைவண்டியின் கொதிகலனில் இருந்த அழுத்தம் பெரும்பாலும் இருநூறு இறாத்தல் அளவினதே. அத்தகைய இருநூறு கொதிகலன்களின் வேகம், கைவிரல் அளவுள்ள ஒரு கூட்டினுள், கன்னத்திற்கு ஒரு சாண் தொலைவில் எழுகின்றது என்றால் அதனோடு விளையாடலாமா?

இனி வரலாற்றின் திருப்பம் வருகின்றது. தேர்ந்தவன் என்று பெயர் பெற்ற பழைய வேட்டைக்காரன் கடைக்குச் சென்று புதிய மருந்து ஒரு டப்பா வாங்கினான். வீட்டிற்கு வந்து தன் பழைய கரண்டியை எடுத்தான். தன் பழைய சட்டத்தை நினைத்தான்: கூட்டை நிறைய நிரப்பு, வெற்றிடம் விடாதே. முப்பது ஆண்டுகள் அவனைக் காத்த அந்தச் சட்டமே அவன் துப்பாக்கியைப் பிளந்தது. கருமருந்துக்கென மென்மையான இரும்பால் ஆன குழல்களும், இரும்பும் எஃகும் முறுக்கிச் செய்த டமாஸ்கஸ் குழல்களும் புதிய மருந்தின் வேகத்திற்கு நிற்கவில்லை. விரலிழந்தோரும் கண்ணிழந்தோரும் உண்டு. அவர்கள் அறிவிலிகள் அல்லர். நேற்றைய தொழிலில் தேர்ந்தவர்கள். அத்தேர்ச்சியே அவர்கட்குப் பகையாயிற்று.

இவ்வழிவைத் தடுக்க மருந்து செய்வோர் ஒரு தந்திரம் செய்தனர். பழைய கரண்டியை மக்கள் விடமாட்டார்கள் என்று அறிந்து, பழைய கரண்டிக்கே பொருந்துமாறு புதிய மருந்தை நுரைபோல் லேசாகச் செய்து விற்றனர். எடை குறைவு, பருமன் மட்டும் கருமருந்தின் அளவு. ஆனால் அதே கடையில், அதே அலமாரியில், செறிந்த மருந்துகளும் விற்றன. லேசான மருந்துக்குரிய கரண்டியால் செறிந்த மருந்தை மொண்டவன் கதி என்னாகும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. பழக்கத்திற்கு இணங்கிச் செய்த ஏற்பாடே பழக்கத்தை நீட்டித்து ஆபத்தையும் நீட்டித்தது. இன்றும் அமெரிக்காவில் விற்கும் சிதறுரவைத் தோட்டாப் பெட்டிகள் சிலவற்றின்மேல், உள்ளிருப்பது புகையில்லா மருந்தேயாயினும், 'இத்தனை டிராம் கருமருந்துக்குச் சமம்' என்னும் பொருள்பட எண் அச்சிடப்படுகிறது. செத்த அளவுகோல் பெட்டியின் மேல் இன்னும் உயிர் வாழ்கின்றது!

புதியவனின் முதல் முயற்சி

இந்நிலையில், 1900ஆம் ஆண்டையொட்டி, இத்தொழிலை முதன்முதலாகக் கைக்கொள்ளும் ஓர் இளைஞனை நம் மனக்கண்முன் நிறுத்திப் பார்ப்போம். அவன் மேசையின்மேல் சுட்ட கூடுகள் இருபது. அருகே ஐடியல் இடுக்கி, கேப்புப் பெட்டி, மருந்து டப்பா, வார்த்த குண்டுகள், ஒரு சிறு தராசு, அச்சுக் கையேடு. அவனுக்குக் கைப்பழக்கம் இல்லை, அச்சம் உண்டு. ஆகவே ஒவ்வொரு வரியாகப் படிக்கிறான்.

முதலில் கூடுகளைத் துடைத்து வெளிச்சத்தில் சுழற்றிப் பார்க்கிறான். கழுத்தில் மயிரிழை வெடிப்புள்ளவற்றை ஒதுக்குகிறான். பலமுறை விரிந்து சுருங்கிய பித்தளை இறுகி நொறுங்கும் தன்மையடையும். குடம் தட்டும் கன்னார் இதனை நன்கறிவர். அதனாலன்றோ அவர்கள் இடையிடையே தகட்டைக் காய்ச்சி இளக்குகின்றனர்! அடுத்து, செத்த கேப்பைத் தள்ளிப் புதியதைப் பதிக்கிறான். அதன் முகம் கூட்டின் அடியை விட்டுப் புடைத்து நிற்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கிறான். புடைத்து நின்றால், துப்பாக்கி மூடும்போதே வெடித்துவிடக் கூடும்.

பிறகு மருந்து. இவ்விடத்தில்தான் அவன் கை நடுங்குகிறது. நடுங்குவதே நன்று. செறிந்த மருந்தில் ஒருமுறை இடவேண்டிய அளவு, பெரிய கூட்டின் அடியில் ஒரு மூலையை மட்டுமே நிரப்பும். ஆகையால் ஞாபகப் பிசகாக இருமுறை இட்டாலும் கூடு நிரம்பி வழியாது, பார்ப்பவனை எச்சரிக்காது. கருமருந்து தன் பிழையைத் தானே காட்டும். புதிய மருந்து தன் பிழையை மறைக்கும். இருமடங்கு மருந்து துப்பாக்கியைப் பிளக்கும். மருந்தே இடாமல் விட்டாலோ, கேப்பின் வேகம் ஒன்றே குண்டைக் குழலின் நடுவரை தள்ளி அங்கே சிக்க வைக்கும். 'சுடவில்லையே' என்று எண்ணி அடுத்த தோட்டாவைச் சுட்டால், வழியடைத்த குழல் வெடிக்கும். மிகுதியும் கேடு, இன்மையும் கேடு.

புதியவன் என்ன செய்கிறான்? கையேட்டின் அட்டவணையில் மருந்தின் பெயரையும் குண்டின் எடையையும் பார்த்து, கூறிய அளவில் மிகக் குறைந்ததையே தேர்ந்து, தட்டான் பொன் நிறுப்பதைப் போல நிறுக்கிறான். மேசையில் ஒரே ஒரு மருந்து டப்பாவையே வைத்திருக்கிறான். இருபது கூடுகளுக்கும் மருந்திட்டபின், விளக்கைப் பிடித்து ஒவ்வொன்றின் உள்ளும் பார்த்து, எல்லாவற்றிலும் மருந்து ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று ஒப்பிடுகிறான். அதன்பின்னரே குண்டை அமர்த்துகிறான். தேர்ந்தவன் அரைமணியில் முடிக்கும் வேலை அவனுக்கு ஒரு மாலைப்பொழுதைக் கொண்டுபோகிறது. ஆயினும் மறுநாள் அவன் கண்ணும் கையும் நலமாயிருக்கின்றன.

இவ்விருவரில் அறிவாளி யார்? அனுபவம் மிக்கவன் பழையவன், ஐயமில்லை. ஆனால் தனக்குத் தெரியாது என்பதைத் தெரிந்திருந்தவன் புதியவன். பொருள் மாறிவிட்டபோது பழைய அனுபவம் அறிவாகாது. அது வெறும் நினைவு. தராசுக்கோ முதியோன் இளையோன் என்ற பேதமில்லை.

கழுவிய குழலும் கழுவாத குழலும்

இவ்வளவில் நிறுத்தினால், 'பழையன எல்லாம் கழிக்கத்தக்கன' என்று சிலர் முடிவு செய்துவிடக்கூடும். வரலாறு அவ்வளவு எளிதாக நம்மை விடுவதில்லை. அதே காலத்தில் நிகழ்ந்த வேறு மூன்று செய்திகளைக் கேண்மின்.

முதலாவது, கூட்டின் செய்தி. பழைய கேப்புகளில் பாதரச உப்பு இருந்தது. கருமருந்து எரிந்தபோது அதன் கசடு பாதரசத்தை ஏந்திக்கொண்டதால் பித்தளைக்கு அதிகத் தீங்கு நேரவில்லை. புகையில்லா மருந்து கசடு விடவில்லை. தடுப்பார் இல்லாத பாதரசம் பித்தளையில் ஊறி, அதனை ஓட்டைப்போல நொறுங்கச் செய்தது. அழுக்கு என்று வெறுக்கப்பட்ட கரிக்கசடே இத்தனை நாள் கூட்டைக் காத்து நின்றது என்பது அது போனபின் அன்றோ தெரிந்தது!

இரண்டாவது, இந்தியாவின் செய்தி. ஆங்கிலப் படையினர் மழைக்காலங்களில் தோட்டாக்களைக் குதிரைலாயங்களில் அடுக்கி வைத்தனர். மழை முடிந்து பார்த்தால், சுடாத தோட்டாக்களின் கழுத்துகள் வெடித்திருந்தன. மழைக்காலத்தின்மேல் பழி சுமத்தி 'பருவ வெடிப்பு' என்று அதற்குப் பெயரும் இட்டனர். 1921இல் ஆங்கில ஆராய்ச்சியாளர் மூவர் உண்மையான காரணத்தை விளக்கினர். குதிரையின் சிறுநீரிலிருந்து எழும் அமோனியா, ஈரத்தோடு கூடி, அடித்து நீட்டியபோது பித்தளையினுள் தங்கிவிட்ட இறுக்கத்தின்மேல் வேலை செய்தது. மிதமான சூட்டில் பித்தளையை இளக்கியவுடன் நோய் நீங்கிற்று. பெயர் வைத்ததனால் ஒரு கூடும் பிழைக்கவில்லை. காரணம் கண்டதனால் பிழைத்தது.

மூன்றாவது, குழலின் செய்தி. கருமருந்து சுட்டவர் அன்று மாலையே குழலை வெந்நீர் விட்டுக் கழுவினர். கசடு கண்ணுக்குத் தெரிந்ததால் கழுவினர். புகையில்லா மருந்து வந்தது. குழல் கண்ணாடிபோல் இருந்தது. 'இனித் தண்ணீர் எதற்கு?' என்று கழுவுவதை விட்டு எண்ணெய்த்துணியால் துடைத்தனர். சில நாட்களில் குழல் துருவேறிக் குழிவிழுந்தது. புதிய மருந்தின் கொடுமை இது என்று பலர் மருந்தை வைதனர். 1922இல் அமெரிக்கச் சுரங்கத்துறை ஆராய்ச்சியாளர் வில்பர்ட் ஹஃப் உண்மையை வெளிப்படுத்தினார். குற்றவாளி மருந்தன்று, கேப்பு. அதிலிருந்த குளோரேட் எரிந்தபின் ஒருவகை உப்பு எஞ்சுகிறது. மழைநாளில் நம் அடுக்களை உப்புச்சாடி கசிவதைப் போல அவ்வுப்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சி இரும்பைத் தின்கிறது. உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில் கரையும். பழைய வேட்டைக்காரன் கசடு போக்கக் கழுவினான். கசடோடு உப்பும், அவன் அறியாமலே, போயிற்று. புதியவன் கசடில்லை என்று கழுவாமல் விட்டான், உப்பு தங்கிற்று.

எனவே நிறைய நிரப்பும் பழக்கத்தைக் கைவிடாதவன் துப்பாக்கியை இழந்தான். கழுவும் பழக்கத்தைக் கைவிட்டவனும் துப்பாக்கியை இழந்தான். ஒருவன் பழமையை விடாததனால் கெட்டான். மற்றவன் பழமையை விட்டதனால் கெட்டான். இருவர்க்கும் பொதுவான குற்றம் யாது? காரணம் கேளாமை. ஏன் நிரப்புகிறோம் என்று முன்னவன் கேட்கவில்லை. ஏன் கழுவினோம் என்று பின்னவன் கேட்கவில்லை.

நமக்குரிய பாடம்

நம் தோட்டங்களில் ரப்பர்ப்பாலை உறைய வைக்க முன்பு அசெட்டிக் அமிலம் வழங்கிற்று. பின்னர் பார்மிக் அமிலம் வந்தது. பார்மிக் அமிலம் வன்மையுடையது. பழைய அளவில் ஏறக்குறையப் பாதியே போதும். பழைய குவளையால் பழைய அளவே ஊற்றினால் செலவும் வீண், பாலும் கெடும். அமிலத்தின் பெயர் மாறியதைக் கண்டு அளவையும் விசாரித்தவன் நல்ல ஷீட்டு எடுத்தான். தோட்டாக் கூட்டின் முன் அமர்ந்த அமெரிக்க இளைஞனும், பால் தொட்டியின் முன் நின்ற நம் தோழனும் கேட்க வேண்டிய வினா ஒன்றே: 'இந்த அளவு எந்தப் பொருளுக்காக வகுக்கப்பட்டது? அப்பொருள் இன்னும் அதே பொருள்தானா?'

பெரியோர் சொல்லை மதிப்பது வேறு. அச்சொல் பிறந்த காரணத்தை அறியாமல் சுமப்பது வேறு. புதுமையை வரவேற்பது வேறு. பழையது செய்துகொண்டிருந்த வேலையை யார் இனிச் செய்வது என்று பாராமல் அதனை வீசி எறிவது வேறு. தோட்டா நிரப்பியோரின் வரலாற்றில் இவ்விரு பிழைகளுக்கும் தண்டனை உடனே கிடைத்தது. ஆகவே அவர்கள் விரைவில் கற்றனர். அட்டவணையை அச்சிட்டனர், எல்லார்க்கும் கிடைக்கும்படி விலை குறைத்து விற்றனர், ஒருவன் கண்ட பிழையை ஊரறியச் செய்தனர். 1926இல் அமெரிக்கத் தோட்டாத் தொழிலார் ஒரு கழகமாகக் கூடி அழுத்தத்திற்குப் பொதுவிதிகளையும் வகுக்கத் தொடங்கினர். தனியொருவன் கையில் இரகசியமாயிருந்த தொழில், அச்செழுத்தால் அனைவர்க்கும் உரிய அறிவாயிற்று.

வாழ்க்கையின் பிற துறைகளிலோ காரணம் கேளாமைக்குத் தண்டனை உடனே வருவதில்லை. ஒரு தலைமுறை செய்த பிழையின் பலனை அடுத்த தலைமுறை அனுபவிக்கின்றது. அதனாலேயே நாம் கற்பதற்கும் தாமதிக்கின்றோம். துப்பாக்கிக் குழல் உடனே வெடித்துக் கற்பித்ததை, வெடிக்கும்வரை காத்திராமலே கற்றுக்கொள்வோமாக. கரண்டியை ஒருமுறை தராசில் வைத்துப் பார்ப்பதற்கு ஆகும் நேரம் மிகச் சிறிது.